செல்போனில் மட்டும் கவனம் எப்படி வருகிறது?

“செல்போன்னா மூணு மணி நேரம் ஆடாம அசையாம உட்கார்ந்திருக்கான் டீச்சர். புத்தகத்தை எடுத்தா அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டேங்கிறான். இதைப் போய் ஒரு குறைபாடுன்னு எப்படி நம்புறது?”

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய், பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, வகுப்பறை வாசலில் நின்று என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் குழந்தைகள் மனநல மருத்துவர் எழுதித் தந்த தாள் இருந்தது, அதில் ஏ.டி.எச்.டி. என்று குறித்திருந்தார்கள். மகனைப் பற்றி அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ரீல்ஸ் பார்க்கையில் அவன் உண்மையாகவே அசைவதில்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்து ‘மனசு வைத்தால் முடியும், வேண்டுமென்றேதான் செய்கிறான்’ என்று நாம் எல்லாரும் எட்டிவிடும் முடிவு தவறானது. ஏன் தவறானது என்று விளங்கிவிட்டால், இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வகுப்பில் என்ன உதவி தேவை என்பதும், பதின்ம வயதினர் சமூக ஊடகத்தை விட்டு எழுந்து வர ஏன் இவ்வளவு தவிக்கிறார்கள் என்பதும் கூடவே விளங்கும்.

ஏ.டி.எச்.டி. என்பதைத் தமிழில் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்கிறோம். பாதிக் குழப்பத்துக்கு அந்தப் பெயரே காரணம். இந்தப் பிள்ளைகளிடம் கவனம் குறைவாக இருக்கிறது என்பதைவிட, கவனத்தை வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு திருப்பிவிடும் ஆற்றல் குறைவாக இருக்கிறது என்பதே சரி. ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. மதகின் திருகுதான் கைக்கு அடங்குவதில்லை. ஒரு வயலுக்குச் சொட்டுக்கூடப் போகாமல் காய்கிறது, இன்னொரு வயலில் வரப்பு உடையும் அளவுக்குப் பாய்கிறது. ஆகவே பாடத்தில் ஐந்து நிமிடம் நிற்காத மனம் செல்போனில் மூன்று மணி நேரம் நிற்பது இந்தக் குறைபாடு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அந்தக் கோணலே இதன் இயல்பு.

செல்போன் வந்த பிறகுதான் இந்த நோய் வந்தது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லாத, ஆனால் தம்மை அடக்கிக்கொள்ளவும் ஒன்றில் நிலைத்து நிற்கவும் இயலாத குழந்தைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அப்போது வானொலி ஒலிபரப்புகூடத் தொடங்கியிருக்கவில்லை. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் கவனக்குறைவுக் கோளாறு என்று இடம்பெற்று, 1987இல் இன்று நாம் வழங்கும் பெயரைப் பெற்றது. உலகெங்கும் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பில் சராசரியாக இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு பேரில் ஒருவரை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பெஞ்சில் உட்கார முடியாமல் நெளிபவன், கேள்வி முடியும் முன்பே விடையைக் கத்துபவன், வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாதவன் அவன். இன்னொருவரை யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஜன்னலோரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை அவள். அவளுடைய கணக்கு நோட்டை ஒரு முறை நிதானமாகப் புரட்டினேன். கரும்பலகையிலிருந்து எழுதிய கணக்குகள் ஏழில் ஐந்து, மூன்றாவது வரியோடு நின்றிருந்தன. இரண்டாவது வரியில் 27 என்று இருந்த எண் அடுத்த வரியில் 72 ஆகியிருந்தது. ஓரத்தில் மட்டும் மிக நுணுக்கமான பூவேலைப்பாடு. அவளை எல்லா ஆசிரியர்களும் ‘நல்ல பொண்ணு, கொஞ்சம் மந்தம்’ என்றார்கள். மந்தம் இல்லை, வாய்மொழியாகக் கேட்டால் அதே கணக்குகளை அவள் சரியாகவே சொன்னாள். கவனச் சிதறல் மேலோங்கிய வகை, துறுதுறுப்பும் அவசரமும் மேலோங்கிய வகை, இரண்டும் கலந்த வகை என்று மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை யாருக்கும் தொந்தரவு தராததால், குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம், ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போய்விடுகிறது.

துறுதுறுவென்று இருக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் இந்தக் குறைபாடு இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ உண்மையாகவே பாதிக்க வேண்டும். இதற்கென்று இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டு, பிள்ளையையும் பார்த்து, தூக்கக் குறைவு, பார்வைக் குறை, செவிக் குறை, மனப்பதற்றம் முதலிய வேறு காரணங்களை ஒதுக்கிய பிறகே மருத்துவர் முடிவு சொல்வார். பதினான்கு வயதுவரை எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளை, செல்போன் வாங்கித் தந்த ஆறாவது மாதத்தில் தடுமாறத் தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது தூக்கத்தையும் மனநிலையையும்தான்.

வளர்ப்பு சரியில்லை என்ற பழி தாய்மார் தலையில் விழுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அது என்னை வருத்துகிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்தக் குறைபாட்டில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு மரபணு சார்ந்தது என்று காட்டுகின்றன. குறைமாதப் பிறப்பும் பிறப்பு எடைக் குறைவும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கண்டிப்பு குறைந்ததாலோ இனிப்பு அதிகம் தின்றதாலோ இது வருவதில்லை.

மூளையில் என்னதான் நடக்கிறது? 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள், இந்தக் குறைபாடு உள்ள 223 பிள்ளைகளின் மூளையையும் இல்லாத 223 பிள்ளைகளின் மூளையையும் எம்.ஆர்.ஐ. படங்களில் ஒப்பிட்டார்கள். மூளையின் மேலடுக்கான புறணியின் தடிமன் உச்சத்தை எட்டும் வயது, குறைபாடு இல்லாதவர்களிடம் நடுமதிப்பாக ஏழரை ஆகவும் உள்ளவர்களிடம் பத்தரை ஆகவும் இருந்தது. இந்தத் தாமதம் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியில் அதிகம் தெரிந்தது. திட்டமிடுதல், ஆசையை அடக்குதல், சொன்னதை மனத்தில் தாங்கிக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதி அது. எனவே பதினான்கு வயதுப் பையனிடம் பதினான்கு வயதுக்குரிய அறிவும் பேச்சும் இருக்கும்போதே, தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் பதினொன்று வயதுப் பிள்ளையினுடையதைப் போல இருப்பதைக் கண்டு நாம் திகைக்க வேண்டியதில்லை.

இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குத் தொலைவில் இருக்கும் பலன் மங்கலாகவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பலன் மிகப் பிரகாசமாகவும் தெரிகிறது. ஊக்கத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் இவர்கள் மூளையில் இயங்கும் விதத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஜூலை மாதத்தில் உட்கார்ந்து மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்காகப் படி என்று சொல்வது நமக்கு நியாயமாகப் படுகிறது. அவனுக்கோ மார்ச் என்பது கண்ணுக்கே தெரியாத தொலைவு. கட்டை விரலை ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த ரீல் வந்து நிற்கிறது.

இனி அந்தச் செல்போனுக்குள் பார்ப்போம். அச்சிட்ட புத்தகத்தில் அத்தியாயம் முடியும், சீரியலில் ‘தொடரும்’ என்று போடுவார்கள். முடிவு என்று ஒன்று வரும்போதுதான் மனிதன் தலை நிமிர்ந்து மணி பார்க்கிறான். கீழே இழுக்க இழுக்கப் பக்கம் முடியாமல் நீளும் அமைப்பை 2006இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். பின்னர் அதன் விளைவைக் கண்டு அவரே வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். ரீல்ஸுக்கு முடிவு இல்லை. இதைவிட வலுவானது, பலன் எப்போது வரும் என்று தெரியாத நிலை. பத்து வீடியோவில் எட்டு சாதாரணமானவை, ஒன்பதாவது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். எப்போதாவது மட்டும், எதிர்பாராமல் கிடைக்கும் பரிசே உயிரினங்களைச் சலிக்காமல் முயல வைக்கிறது என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து நெடுங்காலத்துக்கு முன்பே காட்டினார். தூண்டிலைப் போட்டுவிட்டு நாள் முழுவதும் குளக்கரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பதின்ம வயதினர் அங்கே தேடுவது வேடிக்கையை மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வயதில் சக வயதினரின் ஏற்பு உணவுக்கு அடுத்த தேவையாகிவிடுகிறது. 2016இல் கலிஃபோர்னியாவில் 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துப் படங்களைக் காட்டினார்கள். தாங்கள் பதிவிட்ட படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது, பரிசு கிடைத்தால் தூண்டப்படும் அதே மூளைப் பகுதி தூண்டப்பட்டது. ஒரே படத்தையே, லைக் அதிகம் உள்ளதாகக் காட்டினால் அதிகம் பேர் விரும்பினார்கள். முந்தைய தலைமுறைக்குத் தெருமுனையும் திண்ணையும் கிரிக்கெட் மைதானமும் தந்ததை இன்றைய பிள்ளைக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பும் இன்ஸ்டாகிராமும் தருகின்றன. அங்கே இல்லாதவன் மறுநாள் வகுப்பில் பேச்சு புரியாமல் விழிக்கிறான். இதை அற்பம் என்று ஒதுக்கும் பெற்றோரிடம் பிள்ளை அடுத்த முறை எதையும் சொல்லாது.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு இந்த ஈர்ப்பு இரட்டிப்பாகிறது. வகுப்பில் நாள் முழுவதும் திட்டு வாங்கியவன், வீடியோ எடிட்டிங்கில் கைதேர்ந்தவனாக இணையத்தில் பாராட்டுப் பெறுவான். அது அவனுக்குக் கிடைக்கும் ஒரே பாராட்டாகக்கூட இருக்கலாம். இன்னொரு பக்கம், யோசிக்கும் முன்பே கை முந்திக்கொள்கிறது. கோபத்தில் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ், நம்பி அனுப்பிய ஒரு படம், யாரோ உசுப்பிவிட்டதால் பதிலுக்குப் போட்ட ஒரு கெட்ட வார்த்தை ஸ்கிரீன்ஷாட்டாகிப் பள்ளி முழுவதும் சுற்றுகிறது. பிள்ளை அதை எழுதியது ஒரு நொடியில். பிறகு வருந்துவது மாதக்கணக்கில்.

சமூக ஊடகம் இந்தக் குறைபாட்டை உண்டாக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரப் பள்ளிகளில், தொடக்கத்தில் ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் இல்லாத 2,587 மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பதினான்கு வகை டிஜிட்டல் பயன்பாடுகளில் எதையும் மிக அடிக்கடி செய்யாதவர்களில் 4.6 விழுக்காட்டினரிடமும், பதினான்கையும் மிக அடிக்கடி செய்தவர்களில் 10.5 விழுக்காட்டினரிடமும் பின்னாளில் அறிகுறிகள் தெரிந்தன. தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் இதுதான் காரணம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. அமைதியின்மை உள்ள பிள்ளை செல்போனை அதிகம் நாடுவதும், செல்போன் அமைதியின்மையைக் கூட்டுவதும் ஒரே சுழலின் இரண்டு பாதிகளாக இருக்கலாம். என் அனுபவத்தில் அந்தச் சுழலின் அச்சு தூக்கம்தான். 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். இரவு ஒன்றரை மணிவரை போர்வைக்குள் ஒளிர்ந்த திரை, மறுநாள் காலை முதல் பீரியடில் எந்தப் பிள்ளையையும் ஏ.டி.எச்.டி. பிள்ளை போலாக்கிவிடும், ஏற்கெனவே அந்தக் குறைபாடு உள்ளவன் என்ன ஆவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை பெரும்பாலும் காசு செலவில்லாதவை. முதலில் இடம். ஜன்னலுக்கும் கதவுக்கும் அப்பால், ஆசிரியரின் கைக்கெட்டும் தூரத்தில், நிதானமான ஒரு தோழனுக்கு அருகில் உட்கார வைக்கலாம். அது தண்டனை இடமாகத் தோன்றக் கூடாது. அடுத்து, சொல்லும் விதம். ‘நோட்டை எடுத்து, தேதி போட்டு, 43ஆம் பக்கம் மூன்றாவது கணக்கைச் செய்துவிட்டு, வீட்டுப்பாடத்தை மேசையில் வையுங்கள்’ என்று ஒரே மூச்சில் சொன்னால், அவன் நினைவில் தங்குவது முதலாவதும் கடைசியும்தான். ஒவ்வொன்றாகச் சொல்லி, கரும்பலகையின் ஓரத்தில் எழுதியும் வைத்தால், அது அந்த இருவருக்கு மட்டுமல்ல, காய்ச்சலில் எழுந்து வந்த பிள்ளைக்கும் உதவும். ஒரே மாதிரியான பத்துக் கணக்குகளுக்குப் பதில் ஐந்து தந்தால் கற்றலில் எதுவும் குறைந்துவிடாது. உடம்பு அசைய வேண்டும் என்று தவிக்கும் பிள்ளையை நோட்டுகளைச் சேகரிக்கவும், சாக்பீஸ் வாங்கி வரவும் அனுப்பலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்பதற்காக இந்தப் பிள்ளைகளின் விளையாட்டு பீரியடைப் பறிக்காதீர்கள். ஓடியாடிய பிறகு கவனம் கூடுவதை வகுப்பில் கண்ணால் காணலாம். வாரத்தில் இரண்டே முறை வரும் அந்த நேரத்தையும் பிடுங்கி வகுப்பில் உட்கார வைத்தால், அடுத்த பீரியடை நாமே கெடுத்துக்கொள்கிறோம். பாராட்டையும் தள்ளிப்போடக் கூடாது. ஆண்டு விழாவில் தரும் கோப்பையைவிட, கணக்கை முடித்த அந்த நிமிடத்தில் தோளில் தட்டி ‘முடிச்சுட்டியே’ என்று சொல்வது இவர்களுக்குப் பல மடங்கு பெரியது. பலர் முன் திருத்துவதற்குப் பதில், மேசையை இரண்டு முறை தட்டினால் ‘பாடத்துக்கு வா’ என்று பொருள் என அவனோடு மட்டும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

தேர்வுச் சலுகை பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் உள்ளன. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் கணிசமானோருக்கு, வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதையும் சோதித்துச் சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்கு வழி பிறக்கும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடுவதைவிட எட்டாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது. மருந்தைப் பொறுத்தவரை, மெத்தில்ஃபெனிடேட் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும், நன்கு ஆராயப்பட்ட மருந்து. பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல் போன்ற விளைவுகள் உண்டு. தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டுத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சேவை கிடைக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். செல்போன் பயன்பாடே தனிச் சிக்கலாக முற்றியவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தனிச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது.

வீட்டில் செல்போனைப் பற்றி இரண்டு செய்திகள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். ஏழாம் வகுப்பிலேயே பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு நுழைந்துவிடும் பிள்ளைகள் ஏராளம். பதின்ம வயதினருக்கென்று அந்நிறுவனம் 2024 செப்டம்பரில் அறிமுகம் செய்த கணக்குகளில், அறிமுகமற்றவர் பார்க்க முடியாத அமைப்பும், இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் அடங்கும் ஏற்பாடும், ஒரு மணி நேரம் ஆனதும் நினைவூட்டலும் தாமாகவே இயங்கும். இருபத்திரண்டு வயது என்று பொய்யாகப் பதிந்த பிள்ளைக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. ஆகவே திட்டாமல், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஆண்டைத் திருத்துவதே முதல் வேலை. இரண்டாவது, செல்போனைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்குவது உதவாது. முடிவில்லாத திரையிலிருந்து தானாக வெளியே வருவது பெரியவர்களுக்கே கடினம். மதகின் திருகு தளர்ந்த பிள்ளைக்கு அது ஏறக்குறைய இயலாத காரியம். பிடுங்கினால் வெடிக்கும் கோபமும் அதே தளர்ச்சியின் வெளிப்பாடுதான். முடிவை நாம் வெளியிலிருந்து அமைத்துத் தர வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகச் சொல்லிவைப்பது, அடுத்த அறையில் எழுந்துபோய் அணைக்க வேண்டிய அலாரம் வைப்பது, படிக்கும் நேரத்தில் செல்போன் அந்த அறையிலேயே இல்லாதிருப்பது ஆகியவை மன உறுதியைக் கேட்காத வழிகள்.

வாசலில் நின்ற அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சொன்னாலும் பயன் இருந்திருக்காது. அடுத்த வாரம் மகனையும் அழைத்து வரச் சொன்னேன். மூவருமாக உட்கார்ந்து இரண்டே விதிகளை எழுதினோம், அவன் கையாலேயே. மாலையில் இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் மொட்டை மாடியில் நடை, பிறகு மீண்டும் இருபது நிமிடம். இரவு ஒன்பதரைக்கு வீட்டில் உள்ள எல்லாச் செல்போன்களும் கூடத்து அலமாரியில் சார்ஜில் போகும். ‘எல்லா’ என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும் என்று அவன் கேட்டான். முதல் வாரக் குறிப்புத் தாளை அவர்கள் கொண்டு வந்தபோது, இருபது நிமிடக் கட்டங்களில் பதினொன்று நிரம்பியிருந்தன, மூன்று காலியாக இருந்தன. அலமாரிக் கட்டங்களில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களுக்கு எதிரே, ‘அம்மா போன் வைக்கவில்லை’ என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. அந்தத் தாய் அதைப் படித்துவிட்டு, “ஆமா டீச்சர், ரெண்டு நாள் நான்தான் வைக்கல” என்றார். அவன் பேனாவை எடுத்து அடுத்த வாரத்துக்கான கட்டங்களைப் போடத் தொடங்கினான்.